ஊசியோடு வந்த இருபத்தோரு பேர்

மடிப்பு அக்காவை நாலு வாரமாகப் பின்தொடர்ந்து வருகிற உங்களுக்கு அவளுடைய பிடிவாதத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அந்தப் பெரிய சலவைக் கூடத்தின் மடிப்பு மேசையில் பதினோரு வருடமாக நிற்கிறாள் அவள். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு எல்லாம் அவள் கையில் மடிந்துதான் வெளியே போகும். அதனால்தான் அந்தப் பெயர். அவள் கணவர் அதே கூடத்தில் வேன் ஓட்டுகிறார். கூடவே இருக்கும் நாத்தனாருக்கு அங்கேயே ரோலரில் வேலை. ஈரத் துணியை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் காய்ந்து, தேய்த்து வெளியே தள்ளுகிற கொதிக்கும் ரோலர் அது. கை உள்ளே போய்விடாமல் இருக்க அதன் முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். வேலை வேகமாக ஓடட்டும் என்று அதைக் கழற்றிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நாத்தனாரின் வலது கை துணியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

சூப்பர்வைசர் தன் சொந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். "வீட்டில் இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது" என்று அங்கே சொல்ல வைத்தது அவர்தான். அந்த சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, மடிப்பு அக்காவின் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டுக்காரர். ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் கெடுக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் நஷ்டஈடு கேட்டுத் தொண்ணூறு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்ட உதவி மையத்து வக்கீலம்மா சொல்லியிருந்தார். வருகிற புதன்கிழமை தொண்ணூறாவது நாள். அதற்கு முன்னால், திங்கட்கிழமையே, நாத்தனார் ஆபீசுக்கு வந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அடிபட்டது வீட்டில்தான், வேலையை என் இஷ்டத்தோடு விடுகிறேன் என்று அந்தத் தாளில் இருக்கும். கை சரியானதும் லேசான வேலை பார்த்துத் தருவாராம். அது மட்டும் தாளில் இருக்காது.

கதை நிற்கிற இடம் இதுதான். இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

"நீ வந்துதான் ஆகணும். கூட்டம் போடறதே உனக்காகத்தான்" என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள் மடிப்பு அக்கா.

நாத்தனார் ஜன்னலோரமாக உட்கார்ந்து, இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். வலது கை மணிக்கட்டு வரை கட்டோடு மடியில் கிடந்தது.

"தையல் வகுப்புன்னு சொல்லித்தானே கூப்பிட்டிருக்கீங்க அண்ணி. எல்லாரும் ஊசியும் கையுமா வருவாங்க. நான் மட்டும் இந்தக் கட்டோட போய் உக்காரணுமா?"

 தையல் வகுப்பு மடிப்பு அக்கா போட்ட திட்டம். முதல் ஞாயிறு 'தொழிலாளர் உரிமை விளக்கக் கூட்டம்' என்று எழுதி ஒட்டியதில் ரெண்டே பேர் வந்தார்கள். அதில் ஒருத்தர் நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்க வந்தவர். அடுத்த ரெண்டு ஞாயிறும் சூப்பர்வைசர் எதிர்த்த டீக்கடையில் வந்து நின்றுகொண்டார். ஒரு ஈ, காக்காய்கூட உள்ளே வரவில்லை. சீ போ என்று ஆத்திரத்தில் அவள்தான் பலசரக்குக் கடையில் 'இலவசத் தையல் வகுப்பு' என்று எழுதி ஒட்டினாள். யாருக்காக இத்தனை தகிடுதத்தம் செய்தாளோ, அவளாலேயே ஊசி பிடிக்க முடியாது என்பது கடைசிவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

"யாரும் தைக்கப் போறதில்லம்மா. சும்மா பேருக்குத்தான்."

"பேருக்குன்னாலும் எல்லாரும் என் கையத்தான் பாப்பாங்க. விடுங்க அண்ணி. நாளைக்குப் போய்க் கையெழுத்தப் போட்டுட்டு வந்துடறேன். எல்லாருக்கும் நிம்மதி."

"யாருக்கு நிம்மதி? உனக்கா?"

நாத்தனார் சீப்பிலிருந்த முடியை உருவி உருட்டிக்கொண்டிருந்தாள். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று மடிப்பு அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

நூலகத்துக்குப் பின்னால் இருந்த பொது அறையில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். சுற்றும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அவள் போய்ச் சேரும்போதே அறை முக்கால்வாசி நிரம்பியிருந்தது. எண்ணிப் பார்த்தாள். இருபத்தோரு பேர். மூணு வாரமாகத் தண்ணி காட்டிய அதே ஜனங்கள், இன்றைக்குக் கத்தரிக்கோலும் நூல்கண்டுமாக முன்வரிசைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கைமெஷினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"மொதல்ல தலையணை உறையா, கொழந்த சட்டையா?" என்று கேட்டாள் ஈரத்துணிப் பிரிவுப் பெரியம்மா. அன்றைக்கு நாத்தனார் அலறியதும் ஓடிப்போய் ரோலர் சுவிட்சை அணைத்தவள் இந்தப் பெரியம்மாதான்.

"மொதல்ல உக்காருங்க பெரியம்மா, சொல்றேன்" என்று மென்று முழுங்கினாள் மடிப்பு அக்கா.

வக்கீலம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ஞாயிறு தோறும் காசு வாங்காமல் வருகிறவர், பாவம். "பொய் சொல்லிக் கூப்பிடறது எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. இவங்ககிட்ட நான் என்ன முகத்தோட பேசறது?"

"உண்மையச் சொல்லிக் கூப்பிட்டப்போ யாரும்மா வந்தா?"

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் போனார்.

அப்போதுதான் வாசலில் தங்கச்சி வந்து நின்றாள். சூப்பர்வைசர் பெண்டாட்டி. கையில் புதுத் துணிப்பை, அதில் விலைச்சீட்டுகூடப் பிரிக்காத கத்தரிக்கோல். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா நடத்தற வகுப்புக்கு நான் வராம இருப்பேனா? எத்தன நாளா எதாவது கத்துக்கணும்னு இருந்தேன் தெரியுமா. வீட்டுல சுவரப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சுக்கா."

மடிப்பு அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவள் ஆசையாகக் கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். போ என்று சொல்லவும் வாய் வரவில்லை, வா என்று சொல்லவும் வரவில்லை. அதற்குள் தங்கச்சியே முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த ரெண்டு பேர் மெதுவாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

வக்கீலம்மா தொண்டையைச் செருமினார். "பணியிடப் பாதுகாப்பு தொடர்பான சட்டப் பிரிவுகளை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்."

எல்லா முகங்களும் அவரைப் பார்த்தன. ஒருத்தி ஊசியில் நூல் கோத்துவிட்டு அப்படியே வைத்திருந்தாள்.

"இது எப்போ முடியும்? துணி வெட்டறது எப்போ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அம்மா, வீட்டுல பேசற மாதிரி பேசுங்க" என்று மடிப்பு அக்கா காதோடு சொன்னாள். வக்கீலம்மா தாளை மடித்து வைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"சரி. நீங்க வேலை செய்யற எடத்துல யாருக்காவது அடிபட்டிருக்கா? நீங்க யாராவது கண்ணால பாத்திருக்கீங்களா?"

 அந்த அறையில் இருந்தவர்களில் பன்னிரண்டு பேர் அந்த வெள்ளிக்கிழமை கூடத்தில் இருந்தவர்கள். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் துணியில் ஏதோ தேட ஆரம்பித்தார்கள். ரெண்டு பேர் ஓரக்கண்ணால் தங்கச்சியைப் பார்த்தார்கள்.

மடிப்பு அக்காவால் பொறுக்க முடியவில்லை. "ஏன், வாயில என்ன கொழுக்கட்டையா? என் நாத்தனார் கை ரோலர்ல போனத யாருமே பாக்கலையா? பெரியம்மா, நீங்கதானே சுவிட்ச அணைச்சீங்க?"

பெரியம்மா கைத்துணியை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். "நாங்க தைக்கக் கத்துக்க வந்தோம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவ்வளவுதான். ஒருத்தி எழுந்தால் போதாதா? ஒவ்வொருத்தராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். மடிப்பு அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "புதன்கிழமைதான் கடைசி நாள். ஒரே ஒருத்தர் சாட்சி சொன்னாப் போதும். உங்க கையும் நாளைக்கு அங்கதானே இருக்கப் போகுது?" என்று கெஞ்சினாள். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. "வரேன்மா", "அடுப்புல வச்சுட்டு வந்தேன்", "பிள்ளை தூங்கி எழுந்திருப்பான்" என்று அவள் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டுப் போனார்கள். கைமெஷினைத் தூக்கி வந்த ரெண்டு பேர் போகும்போது மட்டும், "எங்களை ஏம்மா வீணாச் சுமக்க வச்சே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் வக்கீலம்மாவும் தங்கச்சியும்தான் மிச்சம். வக்கீலம்மா ஒரு வெள்ளைத் தாளையும் மாதிரிக் கடிதத்தையும் நீட்டினார். "உங்க நாத்தனார் கைப்பட எழுதணும், இல்லேன்னா அவங்க சொல்லச் சொல்ல வேற யாராவது எழுதிக் கீழ ரேகை வைக்கணும். இதைத் தவிர என்னால வேற எதுவும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

தங்கச்சி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"இதுக்குத்தானா என்னைக் கூப்பிட்டே?"

"உன்னைக் கூப்பிடலடீ. நீயா வந்தே."

"இத்தனை பேர் முன்னாடி என் வீட்டுக்காரரக் குத்தவாளி ஆக்கிட்டியேக்கா. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கடைக்குப் போவேன்?"

"அவர் பேர நான் சொன்னேனா?"

"சொல்லணுமா? எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க." தங்கச்சியின் குரல் உடைந்தது. உடைந்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நம் வீட்டிலெல்லாம் அப்படித்தானே. "கம்பி, கம்பிங்கறியே. அதைக் கழட்டினது யாருன்னு உனக்குத் தெரியுமா? என் வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. உன் வீட்டுல போய்க் கேளு. கேட்டுட்டு அப்புறம் ஊரைக் கூட்டு."

துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

மடிப்பு அக்கா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கை அடுக்கியதே தவிர, மனசு அங்கே இல்லை. அந்தக் கூடத்தில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒருத்தர்தான். மெஷின் எது மக்கர் பண்ணினாலும் வேனை நிறுத்திவிட்டு வந்து பார்க்கிறவர். அவள் பதினாலு வருடமாகச் சோறு போட்டுவரும் மனுஷன்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "யார் சொன்னது?"

"யார் சொன்னா என்ன. தெரியுமா, தெரியாதா?"

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே சூப்பர்வைசர் சொல்லிட்டார் அண்ணி. 'கழட்டினவன் உன் அண்ணன். ரோலர்ல அடிபட்டதுன்னு எழுதினா போலீஸ் வரும். வந்தா அவனைத்தான் மொதல்ல கூட்டிட்டுப் போவாங்க. அப்புறம் உன் இஷ்டம்'னு. கை அப்படி எரியுது, அந்த நேரத்துல என்ன யோசிக்க முடியும்? இஸ்திரிப் பெட்டின்னு சொல்லிட்டேன்."

மூணு மாசமாகக் கல்லு மாதிரி இருக்கிறாள் என்று திட்டித் தீர்த்தோமே என்று மடிப்பு அக்காவுக்கு வெட்கமாகப் போயிற்று. அதே நேரத்தில் கோபமும் வந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அண்ணன உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பீங்க."

உண்மைதான். 

அஞ்சு மணி வாக்கில் வேன்காரர் வந்தார். வாசலில் சாவியை மாட்டினார், முகம் கழுவினார், டீ கேட்டார். டீ வரவில்லை. ரெண்டு பெண்களும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் துண்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கம்பியக் கழட்டினது நீங்களா?"

அவர் தங்கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தெரிந்ததெல்லாம் பேசாமல் இருப்பதுதான்.

"ஒரு வாரத்துக்குத்தான், ஓட்டல் ஆர்டர் முடிஞ்சதும் மாட்டிடலாம்னு சூப்பர்வைசர் சொன்னார். பெரிய துணி கம்பியில மாட்டிக்குது, வேலை ஓடலன்னார். நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

"மூணு மாசம். இந்த வீட்டுலதான சாப்பிட்டுக்கிட்டு, இவ கட்டப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"நான் தூங்கி மூணு மாசம் ஆச்சு. உனக்கு என்ன தெரியும்?"

"தூங்காம இருந்தா ஆச்சா? சொல்லணும்ல?" அவள் குரல் எகிறியது. பிறகு தானாகவே அடங்கியது, ஏனென்றால் இன்னொன்று தோன்றிவிட்டது. "சரி. சாட்சி யாரும் வரலேன்னாலும் அந்த ரோலரே சாட்சி சொல்லும். கம்பி இல்லாமத்தானே இருக்கு. வக்கீலம்மாவ விட்டு ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றேன்."

வேன்காரர் துண்டை மறுபடி எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"என்ன?"

"கம்பி இருக்கு."

"எங்க இருக்கு?"

"ரோலர்லதான். நேத்து மாட்டியாச்சு."

"யாரு மாட்டினா?"

அவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "'உன் பொண்டாட்டி கூட்டம், கீட்டம்னு சுத்தறா, நாளைக்கு எவனாவது வந்து நின்னா நல்லா இருக்காது, மாட்டிடு'ன்னார். மாட்டினேன். புதுசா மாட்டினது தெரியக் கூடாதுன்னு மேல பழைய எண்ணெய் அழுக்கத் தடவச் சொன்னார். தடவினேன்."

மடிப்பு அக்கா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். நாலு ஞாயிறு. வீடு வீடாகப் படியேறி, நாற்காலி தூக்கி, பொய்கூடச் சொல்லி அவள் போட்ட கூட்டங்களால் ஆனது இதுதான். இருந்த ஒரே சாட்சியையும் மூடி மறைக்க வைத்தாகிவிட்டது. அதுவும் சொந்தப் புருஷன் கையாலேயே. அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

"அண்ணே" என்றாள் நாத்தனார்.

அவள் குரலில் சத்தமே இல்லை. அதனால்தானோ என்னவோ ரெண்டு பேரும் சட்டென்று திரும்பினார்கள்.

"கழட்டினப்போ என் கை போகும்னு உனக்குத் தெரியாது. அதனாலதான் நான் வாயத் தொறக்கல. ஆஸ்பத்திரியில சொல்லல, அண்ணிகிட்டச் சொல்லல. நாளைக்குக் கையெழுத்துப் போடறதுக்கும் தயாரா இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நேத்து மாட்டினப்போ தெரியும்ல?"

வேன்காரர் தலை நிமிரவே இல்லை.

"அண்ணி, வக்கீலம்மா தாள் எதாவது கொடுத்தாங்களா?"

மடிப்பு அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் இடது கையால் அதை வாங்கி, அண்ணன் முன்னால் மேசையில் வைத்தாள். பேனாவையும் தேடி எடுத்து வைத்தாள்.

"நான் எழுதறேன், கொடு" என்றாள் மடிப்பு அக்கா.

"வேணாம் அண்ணி. அண்ணன் எழுதட்டும். நான் சொல்றேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாள், கிழமை எழுதினார். நாத்தனார் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எத்தனை மணிக்கு வேலை ஆரம்பித்தது, எந்தத் துணி, எந்தக் கை, யார் சுவிட்சை அணைத்தது. அவர் எழுத்து கோணல் மாணலாக, ஆனால் ஒரு வரி விடாமல் போனது. அப்போது ரோலரில் தடுப்புக் கம்பி இல்லை என்பதையும் எழுதினார்.

"இப்ப, யார் சொல்லிக் கழட்டினது, யார் கழட்டினதுன்னு ரெண்டு பேரையும் போடு."

பேனா நின்றது. அவர் நிமிர்ந்து தங்கையைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார்.

சொன்னவர் குற்றமா, செய்தவர் குற்றமா? எழுதினால் வேலை மட்டும் போகுமா, ஆளையே கூட்டிக்கொண்டு போவார்களா? நாலு ஞாயிறு கூட்டம் போட்டவள் இதை ஒரு தடவைகூட வக்கீலம்மாவிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. தங்கச்சி வீட்டுக்காரர் பேரை மட்டும் போட்டால் என்ன? இவர் பேரை விட்டுவிடலாமே என்று அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.  புடவைத் தலைப்பை எடுத்து நாலாக மடித்தாள்.

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, நீங்களும் பேச மாட்டேங்கறீங்க?"